கத்திரி வெயில்ல தோட்ட மண்ணை மூடி நூற்புழு, வேர் நோயை ஒழிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி, பங்குனி வந்தாலே தோட்டம் வச்சிருக்கறவங்க கேக்கறது பெரும்பாலும் ஒரே விஷயம் தான், போன தடவை நூற்புழு (மண்ணுல இருந்து வேரை தாக்கற, கண்ணுக்கு தெரியாத நூல் மாதிரி புழு) வந்து தக்காளி வேரெல்லாம் முடிச்சு முடிச்சா போச்சு, இந்த வெயில்லயே மண்ணை சரி பண்ண முடியுமான்னு. முடியும். அதுக்கு தான் ஈர மண்ணை ஷீட் போட்டு மூடி வெயில்லயே வேக வைக்கற சோலரைசேஷன்னு ஒரு முறை இருக்கு. விஷக் குருணை வாங்கி கீரை போடற மண்ணுல கொட்டறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை ஒழுங்கா செஞ்சு பாருங்கன்னு தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். சமவெளில வீட்டுத்தோட்டம், மாடித்தோட்டம், சின்ன நாற்றங்கால் வச்சிருக்கறவங்களுக்கு எழுதினது இது, மலைல இருக்கறவங்களுக்கு கீழ தனியா சொல்லியிருக்கேன்.

சோலரைசேஷன்னா என்ன? சும்மா மண்ணை வெயில்ல காய வைக்கிறதா?

காய வைக்கிறது இல்ல. நல்லா ஈரமா இருக்கற மண்ணு மேல கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற பாலித்தீன் ஷீட்டை மண்ணோட ஒட்டி விரிச்சு, நாலு பக்க ஓரத்தையும் மண்ணுக்குள்ள புதைச்சு, 4 வாரத்துலேருந்து 6 வாரம் வரைக்கும் கொளுத்தற வெயில்ல அப்படியே விட்டுடணும். வெளிச்சம் ஷீட்டை தாண்டி உள்ள போய் மண்ணை சூடாக்கும், ஆனா அந்த சூடும் ஆவியும் வெளிய வர வழி இருக்காது. நல்ல வெயில்ல மேல் 5 சென்டிமீட்டர்ல 42லேருந்து 55 டிகிரி வரை ஏறும், 45 சென்டிமீட்டர் ஆழத்துல 32லேருந்து 37 டிகிரி தான் இருக்கும். அதனால மேல் ஒரு அடிக்குள்ள இருக்கற நோய், பூச்சிக்கு தான் இது நல்ல வைத்தியம், நம்ம காய்கறிச் செடிங்களோட வேர்ல பெரும்பங்கு அந்த ஒரு அடிக்குள்ள தானே இருக்கு.

இது இஸ்ரேல்லேருந்து வந்த முறை. அங்க வெயில் கொளுத்தற ஜோர்டான் பள்ளத்தாக்குல ஷீட் போட்ட நிலத்துல மண்ணு ரொம்ப சூடாகறதை விவசாயிங்களும் விரிவாக்க அலுவலர்களும் கவனிச்சு சொன்னாங்க, அதை யாக்கோவ் கட்டான்ங்கற நோயியல் விஞ்ஞானியும் அவரோட குழுவும் கத்தரி, தக்காளி வாடல் நோய் மேல சோதிச்சுப் பாத்து 1976ல கட்டுரையா போட்டாங்க. அப்புறம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரங்க எடுத்துகிட்டு நிறைய வேலை பண்ணாங்க. அந்த காலத்துல மண்ணை சுத்தம் பண்ண மீத்தைல் புரோமைட்னு ஒரு வாயுவை தான் ஊரெல்லாம் அடிச்சாங்க, அது ஓசோன் படலத்தை கெடுக்குதுன்னு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள்ல 2005லயும் வளரும் நாடுகள்ல 2015லயும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் இந்த ஷீட் முறைக்கு மவுசு இன்னும் கூடிடுச்சு.

எங்க தாத்தா கோடை உழவு போட்டாலே போதும்பாரு, அப்ப இது எதுக்கு?

தாத்தா சொன்னதுல தப்பே இல்ல. "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்"னு சும்மாவா சொன்னாங்க. மண்ணைக் கிளறி விட்டா உள்ள இருக்கற கூட்டுப்புழு, வேர்ப்புழு எல்லாம் மேல வந்து வெயில்ல காஞ்சு சாகும், காக்காவும் மைனாவும் பின்னாடியே வந்து பொறுக்கித் தின்னுடும். ஆனா காஞ்ச மண்ணுல பூஞ்சாண வித்துக்களும் நூற்புழு முட்டையும் உறங்கற நிலைக்கு போயிடும், அந்த நிலைல அது நிறைய சூட்டை தாங்கும். அதே ஈரத்தோட சூடு பட்டா தாங்காது. வெறும் சட்டியோட சூட்டுக்கும் இட்லி பானை ஆவிக்கும் உள்ள வித்தியாசம் தான் இது. பெரிய தோட்டம்னா ரெண்டையும் சேத்தே பண்ணலாம், முதல்ல கோடை உழவு போட்டு ஒரு வாரம் புழுதியா விடுங்க, அப்புறம் தண்ணி கட்டி ஷீட் போடுங்க.

என் மண்ணுல நூற்புழு இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

செடியை பிடுங்கிப் பாக்கறது தான் சுலபமான வழி, மேலேருந்து பாத்தா உரக் குறை மாதிரியே தெரியும், இலை மஞ்சளாகும், மதிய வெயில்ல துவண்டு சாயந்திரம் நிமிரும், காய் சின்னதா வரும். வெண்டை, தக்காளி, கத்தரி, பாகல், இதுல ஒண்ணை மண்வெட்டியால சுத்தி தோண்டி வேர் அறுபடாம எடுத்து ஒரு வாளி தண்ணில அலசுங்க. வேரே அங்கங்க பருத்து முண்டு முண்டா இருந்தா அது வேர்முடிச்சு நூற்புழு. பயறு, அவரை வகைல மட்டும் குழம்பிடாதீங்க, அதுல இருக்கற நல்ல வேர்முண்டு வேரோட பக்கவாட்டுல ஒட்டிகிட்டு இருக்கும், விரலால தேச்சா உதிரும், கிள்ளிப் பாத்தா உள்ள ரோஸ் கலர்ல இருக்கும். நூற்புழு முடிச்சு அப்படி உதிராது, வேரே தான் வீங்கியிருக்கு, பிய்ச்சா வேரும் சேந்து தான் அறுந்து வரும்.

நம்ம ஊர் சூட்டுல அது ஒரு தலைமுறை முடிக்க 25லேருந்து 30 நாள் போதும், ஒரு பெண் புழு நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். ஒரு தக்காளி சீசனுக்குள்ள எத்தனை தலைமுறைன்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

எதெல்லாம் சாகும், எதெல்லாம் சாகாது?

நல்லா கட்டுப்படறது: நாத்து அழுகல் பண்ற பித்தியம், வாடல் நோய் பண்ற ஃபியூசேரியம், வெர்டிசீலியம் மாதிரி பூஞ்சாணங்கள், மேலாக இருக்கற கூட்டுப்புழுங்க, அப்புறம் விதைலேருந்து முளைக்கற பெரும்பாலான களைங்க. களை எடுக்கற வேலை குறையறதுக்காகவே இதை பண்றவங்க இருக்காங்க.

அரைகுறையா கட்டுப்படறதுல முதல் ஆளு நூற்புழு தான். 42 டிகிரி விடாம இருந்தா வேர்முடிச்சு நூற்புழுவும் அதோட முட்டையும் சாக 13, 14 மணி நேரம் ஆகும், 49 டிகிரிக்கு போனா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், ஒரே நாள்ல அவ்ளோ நேரம் கிடைக்காட்டியும் தினம் தினம் படற சூடு கூடிகிட்டே போய் கொல்லும். ஆனா ஒரு அடிக்கு கீழ அந்த சூடு போகாது, அங்க பிழைச்சது மெல்ல மேல வரும். பாக்டீரியா வாடலும் அப்படி தான், ஒரு இடத்துல கேக்குது, ஒரு இடத்துல கேக்க மாட்டேங்குது. உங்க தக்காளி பச்சையாவே திடீர்னு தொங்கிப்போச்சுன்னா தண்டை சாய்வா வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தெளிஞ்ச தண்ணில முனை மட்டும் மூழ்கற மாதிரி அசையாம பிடிங்க, கொஞ்ச நேரத்துல பால் மாதிரி வெள்ளையா நூல் நூலா இறங்கினா அது பாக்டீரியா வாடல், அந்த இடத்துல ஷீட் போட்டாலும் அடுத்து தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காம இருக்கறது தான் புத்திசாலித்தனம்.

கோரைக்கும் அருகுக்கும் இதை நம்பாதீங்க. கோரைக்கிழங்கு ஆழத்துல இருக்கும், அதோட கூர்முனை ஷீட்டையே குத்திகிட்டு வெளிய வரும். முதல்ல கிழங்கையும் அருகு வேரையும் தோண்டி பொறுக்கிட்டு தான் ஷீட் போடணும். கரையானும் ஆழத்துக்கு இறங்கி தப்பிச்சுக்கும்.

எப்ப ஆரம்பிக்கணும்? அக்னி நட்சத்திரத்துக்கு காத்திருக்கணுமா?

காத்திருக்க வேண்டாம். அக்னி நட்சத்திரம் மே 4ஐ ஒட்டி ஆரம்பிச்சு மே 28ஐ ஒட்டி முடியுது, வெறும் அந்த நாளை மட்டும் நம்பினா நாலு வாரம் கூட முழுசா கிடைக்காது. ஏப்ரல் நடுவுல, சித்திரை பொறந்த கையோட போட்டு மே கடைசி வரைக்கும் விட்டா ஆறு வாரம் வந்துடும். அதுக்கப்புறம் ஆடிப்பட்டத்துக்கு நிலம் ரெடி. எப்படியும் அந்த நேரத்துல தண்ணி பத்தாம பாத்தி சும்மா தானே கிடக்கு, அதனால இதுக்காக ஒரு பயிரை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே நமக்கு இல்ல, இதை விட பெரிய வசதி வேற என்ன வேணும்.

ஊருக்கு ஊர் மாறும். வேலூர், திருத்தணி, கரூர், திருச்சி, மதுரை பக்கம் இருக்கறவங்களுக்கு கவலையே இல்ல. கோயம்புத்தூர்ல மே மாசம் பாலக்காட்டு கணவாய் காத்தும் கோடை மழையும் வந்து சூட்டை குறைச்சிடும், அங்க மார்ச் நடுவுலயே போட்டுடுங்க. நாகர்கோவில் பக்கமும் சீக்கிரம் ஆரம்பிக்கறது நல்லது, ஜூன் மழைக்கு முன்னாடி முடிக்கணும். சென்னை மாதிரி கடலோரத்துல மதியமே கடல்காத்து வந்துடும், ஆனா ஷீட்டுக்குள்ள அதோட பாதிப்பு கம்மி தான், முழு ஆறு வாரம் விடுங்க.

கறுப்பு மல்ச்சிங் ஷீட் வீட்ல இருக்கு, அதையே போட்டுக்கலாமா?

வேண்டாம், இந்த தப்பை தான் நிறைய பேர் பண்றாங்க. கறுப்பு ஷீட் வெயிலை தானே உறிஞ்சி தான் சூடாகும், மண்ணுக்கு அதுல ஒரு பங்கு தான் போகும். களையை அமுக்க கறுப்பு நல்லது, நோயை கொல்ல தெளிவான ஷீட் தான். கடைல ஷீட்டோட தடிமனை கேஜ் கணக்குல கேப்பாங்க, 100 கேஜ்னா 25 மைக்ரான், 200 கேஜ்னா 50 மைக்ரான். மெல்லிசா இருந்தா சூடு நல்லா ஏறும் ஆனா காத்துக்கும் நாய்க்கும் பூனைக்கும் தாங்காது, அதனால தெருப்பக்கம் திறந்த தோட்டத்துக்கு 200 கேஜ் வாங்குங்க, நாலு சுவருக்குள்ள இருக்கற இடத்துக்கு 100 போதும். வெயிலை தாங்கற யூவி ஷீட்னு கேட்டு வாங்கினா அடுத்த வருஷமும் ஆகும், சாதா ஷீட் ஆறாவது வாரத்துல கையில எடுத்தாலே நொறுங்க ஆரம்பிச்சுடும், அந்த துணுக்கெல்லாம் மண்ணுல கலந்தா பொறுக்கி மாளாது.

சரி, எப்படி போடறது? ஒண்ணொண்ணா சொல்லுங்க.

பழைய செடி, வேர், குச்சி, கல் எல்லாத்தையும் எடுத்துடுங்க, முடிச்சு வேர் இருந்தா அதை கம்போஸ்ட்ல போடாதீங்க, காய வச்சு எரிச்சுடுங்க. ஒரு அடி ஆழத்துக்கு கொத்தி கட்டியை உடைச்சு சமமா நிரவுங்க, கட்டி இருந்தா ஷீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவுல காத்து தங்கும், அந்த இடத்துல சூடு ஏறாது. தொழு உரம் போடறதா இருந்தா இப்பவே போட்டு கலந்துடுங்க, அதுல இருக்கற களை விதையும் சேந்து போகும். அப்புறம் ஒரு அடிக்கு இறங்கற அளவு தண்ணி விடுங்க, செம்மண்ணா இருந்தா அடுத்த நாளே ஷீட் போடலாம், கரிசல், களிமண்ணுன்னா ஒண்ணு ரெண்டு நாள் விட்டு சேறு அடங்கினதும் போடுங்க. கையில ஒரு பிடி எடுத்து அமுக்கினா உருண்டையா நிக்கணும், விரல் நடுவுல தண்ணி ஒழுகக்கூடாது.

பாத்தியை சுத்தி முக்கால் அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, ஷீட்டை இழுத்து பிடிச்சு, ஓரத்தை அதுக்குள்ள விட்டு மண்ணை தள்ளி மிதிச்சு விடுங்க. ரெண்டு பேர் இருந்தா தான் இழுவை சரியா வரும், காலைல காத்து கிளம்பறதுக்கு முன்னாடி பண்ணுங்க. கல்லு வச்சு மட்டும் விட்டா ஓரத்துல ஆவி கசியும். பாத்தி ரெண்டரை அடிக்கு குறைஞ்ச அகலமா இருக்கக்கூடாது, ஏன்னா ஓரம் எப்பவுமே நடுவை விட குளிர்ச்சி தான், குறுகலான பாத்தில ஓரத்தை கழிச்சா மிச்சமே இருக்காது. அதே காரணத்துக்காக ஓரத்துல ஒரு சாண் அளவுக்கு செடி வைக்காம விடறது நல்லது.

வேலை சரியா நடக்குதான்னு அடுத்த நாள் காலைலயே தெரிஞ்சுடும், ஷீட்டோட உள்பக்கம் பூரா பொடிப்பொடியா தண்ணி முத்து கோத்திருக்கும். ரெண்டு மூணு வாரம் கழிச்சு அது காணாம போச்சுன்னா மண்ணு காயுதுன்னு அர்த்தம், ஒரு ஓரத்தை தூக்கி ஹோஸ் விட்டு நனைச்சு திரும்ப மூடுங்க. சொட்டுநீர் குழாயை முதல்லயே ஷீட்டுக்கு அடில விட்டிருந்தா இந்த வேலையும் மிச்சம்.

சூடு போதுமான அளவு இருக்கான்னு அளக்க முடியுமா?

நீட்டு கம்பி இருக்கற கிச்சன் தெர்மாமீட்டரே போதும். சாயந்திரம் 3, 4 மணி வாக்குல ஷீட்ல சின்ன ஓட்டை போட்டு அரை ஜான் ஆழத்துக்கு குத்திப் பாருங்க, 40க்கு மேல காட்டினா சந்தோஷம். உச்சி வெயில்ல பாத்தா மேல மட்டும் சூடா இருக்கும், ஆழத்துக்கு சூடு இறங்க நேரம் ஆகும், அதனால தான் சாயந்திரம் பாக்க சொல்றேன். பாத்து முடிச்சதும் ஓட்டையை டேப் போட்டு ஒட்டுங்க.

நடுவுல மழை வந்துட்டா?

மேல தேங்கின தண்ணியை துடைப்பத்தால தள்ளி விடுங்க, கிழிசல் இருந்தா டேப் ஒட்டுங்க, மேகமூட்டமா போன நாளை கணக்குல சேக்காம அத்தனை நாள் கூட விடுங்க. அவ்ளோ தான்.

மாடித்தோட்டம் தான் வச்சிருக்கேன், குரோ பேக் மண்ணை பண்ணலாமா?

தரைத்தோட்டத்தை விட உங்களுக்கு தான் சுலபம், ரிசல்ட்டும் உங்களுக்கு தான் சீக்கிரம். ஏன்னா கீழ ஆழம்னு ஒண்ணு இல்ல, புழு தப்பிச்சு ஓட இடமே கிடையாது. மொட்டை மாடில ஒரு ஷீட் விரிச்சு, எல்லா பைலயும் இருக்கற பழைய மண்ணையும் கொட்டி, வேரை பொறுக்கி, ஈரமாக்கி, அரை அடி உயரத்துக்கு மேல போகாம பரப்பி, மேல தெளிவான ஷீட் போட்டு மூடி ஓரத்தை சுருட்டி செங்கல் வச்சு அடைச்சுடுங்க. முடிஞ்சா அதுக்கும் மேல இன்னொரு தெளிவான ஷீட்டை நாலு விரக்கடை இடைவெளி விட்டு கூடாரம் மாதிரி கட்டுங்க, இப்படி ரெண்டு அடுக்கா போட்டா 70 டிகிரி வரைக்கும் கூட ஏறும். மண்ணோட நடுப்பகுதி 70 டிகிரில அரை மணி நேரம், இல்ல 60 டிகிரில ஒரு மணி நேரம் இருந்தா போதும், நல்ல வெயில்ல ஒரு வாரத்துல வேலை முடிஞ்சிடும். தெர்மாமீட்டர் இல்லேன்னா ரெண்டு வாரம் விடுங்க. பழைய மண்ணை தூக்கிப்போட்டுட்டு ஒவ்வொரு தடவையும் புது கோகோபீட், புது செம்மண் வாங்கற செலவு இதுல மிச்சமாகுது, அதையும் பாருங்க.

காலி பைங்களையும் சோப்பு தண்ணில கழுவி வெயில்ல கவிழ்த்து வைங்க, அடில ஒட்டியிருக்கற மண்ணுலேருந்தே திரும்ப வந்துடும்.

நாத்து விடறவங்களுக்கும் இதே முறை தான். கோழிக்கோட்ல இருக்கற இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் மிளகு நாற்றங்காலுக்கு இப்படி வெயில்ல சுத்தம் பண்ணின மண் கலவையை தான் பயன்படுத்த சொல்றாங்க, ஒரு நாத்துப்பை மண்ணுல நோய் இருந்தா அது போற தோட்டமெல்லாம் போகுமே.

மண்புழு, நல்ல நுண்ணுயிர் எல்லாம் செத்துடாதா? மனசு கேக்கலையே.

நியாயமான கவலை. மண்புழு சூடு ஏற ஏற கீழ இறங்கிடும், ஷீட் எடுத்து ஈரம் வச்சு மக்கு போட்டா திரும்ப மேல வரும் (மாடி மண்ணுல மட்டும் அதுக்கு போக இடமில்ல, மண்ணை பரப்பும்போதே பொறுக்கி வேற தொட்டில விடுங்க). பேசில்லஸ் மாதிரி பாக்டீரியா, டிரைகோடெர்மா மாதிரி நல்ல பூஞ்சாணம் எல்லாம் நோய்க் கிருமிங்களை விட சூட்டை தாங்கும், கொஞ்சம் குறைஞ்சாலும் காலியான இடத்துல அதுங்க தான் முதல்ல பெருகும். கொதிக்கற தண்ணியோ நெருப்போ போட்டா எல்லாமே போயிடும், இது அப்படி இல்ல. இன்னொண்ணு, இந்த சூட்டுல மக்கு சிதைஞ்சு தழைச்சத்து, சுண்ணாம்பு, மக்னீசியம் எல்லாம் செடி எடுத்துக்கற மாதிரி வெளிய வரும், அதனால தான் நோயே இல்லாத மண்ணுல பண்ணினா கூட செடி செழிப்பா வருது. முதல் மாசம் யூரியா பக்கம் போகாதீங்க, தேவைப்படாது.

வேப்பம் புண்ணாக்கு, முட்டைக்கோஸ் இலை போட்டு மூடினா நல்லதுன்னு சொல்றாங்களே?

ஆமா, இதை கண்டிப்பா பண்ணுங்க. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்ப இலைங்க மண்ணுக்குள்ள சிதையும்போது கடுகோட கார நெடி இருக்கற வாயு வரும், மூடின ஷீட்டுக்குள்ள அது தங்கி நின்னு பூஞ்சாணத்தையும் நூற்புழுவையும் அடிக்கும், சூடும் ஒண்ணு ரெண்டு டிகிரி கூடும். மார்க்கெட்ல சாயந்திரம் போனா முட்டைக்கோஸ் மேல் இலை மூட்டை மூட்டையா சும்மாவே கிடைக்கும், கொண்டு வந்து பொடியா நறுக்கி மேல் அரை அடி மண்ணுல கலந்து தண்ணி விட்டு மூடுங்க. சூடு பத்தாத ஊர்க்காரங்களுக்கு இது பெரிய கை. ஷீட் எடுத்ததும் நாத்தம் போற வரைக்கும் ஒரு வாரம், பத்து நாள் ஆற விட்டு தான் நடணும்.

உள்ள களை பச்சையா முளைச்சிருக்கே, வேலை செய்யலையா?

முதல் வாரம் முளைக்கும், பயப்படாதீங்க, அடுத்த வாரம் வெந்து வதங்கி மண்ணோட ஒட்டிக்கும். மூணாவது வாரமும் பச்சையா நிக்குதுன்னா எங்கயோ ஓட்டை இருக்கு இல்ல நிழல் விழுது. மரத்தடில, மதில் ஓரத்துல நிழல் விழற இடத்துல இந்த முறை சரிப்படாது.

ஷீட் எடுத்ததும் என்ன செய்யணும்?

தயவு செஞ்சு ஆழமா கொத்தாதீங்க! மேல மட்டும் தான் சுத்தமாயிருக்கு, கீழ் மண்ணை புரட்டி மேல கொண்டு வந்தா ஆறு வார உழைப்பும் வீண். மேல ரெண்டு மூணு அங்குலம் கிளறினா போதும். பாத்தியை முன்னாடியே மேட்டுப்பாத்தியா போட்டு வச்சிட்டு அது மேல ஷீட் போட்டிருந்தா கிளற வேண்டிய வேலையே இல்ல, நேரா குழி எடுத்து நட்டுடலாம்.

நடறதுக்கு பத்து நாள் முன்னாடி 10 கிலோ மக்கின தொழு உரத்துல 100 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்து, லேசா தண்ணி தெளிச்சு, நிழல்ல சாக்கு போட்டு மூடி வைங்க, வெள்ளையும் பச்சையுமா பூத்து வரும், அதை குழிக்கு ஒரு கை போடுங்க. சூடோமோனாஸ்ங்கற நல்ல பாக்டீரியா கலந்த தண்ணிலயும் நாத்தோட வேரை நனைச்சு நடலாம். காலியான மண்ணுல யார் முதல்ல குடி வராங்களோ அவங்க ராஜ்ஜியம் தான், நம்ம ஆளை நாமளே குடி வச்சிடணும்.

அதை விட முக்கியம் நாத்து. மண்ணை சுத்தம் பண்ணிட்டு, எங்கயோ நூற்புழு இருக்கற நர்சரிலேருந்து நாத்து வாங்கி வந்து நடறதை நிறைய பாக்கறேன், மனசு வலிக்குது. வாங்கும்போது ஒரு நாத்தை உருவி வேரை பாருங்க, முடிச்சு இருந்தா அந்த கடைல வாங்காதீங்க. பக்கத்து பாத்தில வேலை பண்ணின மண்வெட்டி, செருப்பு, அங்கேருந்து வழிஞ்சு வர்ற தண்ணி, இது மூணும் தான் திரும்ப கொண்டு வர்ற ஆளுங்க.

ஒரு தடவை பண்ணினா எவ்ளோ நாளைக்கு?

பூஞ்சாண நோய்க்கு சில இடத்துல ரெண்டு சீசன் வரைக்கும் தாங்கும். நூற்புழுவுக்கு ஒரு பயிர் நல்லா எடுக்கலாம், அதுக்கு மேல நம்பக்கூடாது. முதல் பயிர் முடிஞ்சதும் ஒரு செடியை பிடுங்கி வேரை பாருங்க, முடிச்சு தெரிஞ்சா அந்த பாத்தில செண்டுமல்லியை நெருக்கமா போட்டு பூ முடிஞ்சதும் வேரோட மடக்கி விடுங்க, அதோட வேர்ல நூற்புழுவை கொல்ற சரக்கு இருக்கு. திரும்ப சித்திரை வந்ததும் ஷீட் போடுங்க.

ஊட்டி, கொடைக்கானல்ல பண்ணலாமா?

தரைல போட்டு பலன் எதிர்பாக்காதீங்க, மே மாசத்துலயே அங்க பகல்ல 25 டிகிரி வாக்குல தான் இருக்கு. நீலகிரில 1961ல கண்டுபிடிச்ச உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு இன்னும் இருக்கு, அதோட கூட்டுக்குள்ள முட்டைங்க வருஷக்கணக்குல உயிரோட இருக்கும், அதுக்கு பயிர் சுழற்சியும் எதிர்ப்பு ரகமும் தான் வழி. தொட்டி மண்ணை மட்டும் மார்ச், ஏப்ரல்ல ரெண்டு அடுக்கு ஷீட் போட்டு, தெர்மாமீட்டர் வச்சு பாத்து பண்ணலாம், 60 தொடலைன்னா அந்த மண்ணை நாத்துக்கு எடுக்காதீங்க.

பழைய ஷீட்டை என்ன பண்றது?

உதிர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுத்து, மண்ணை தட்டி, காய வச்சு, சுருட்டி எலி போகாத இடத்துல நிழல்ல வைங்க, யூவி ஷீட் அடுத்த சித்திரைக்கும் ஆகும். கிழிஞ்சதை சுத்தமா கழுவி பழைய பிளாஸ்டிக் எடுக்கற கடைல குடுங்க. தோட்டத்துலயே போட்டு கொளுத்தறது மட்டும் வேண்டாம்.

ரெண்டு வாரம் தான் நேரம் இருக்கு, போட்டா பிரயோஜனம் உண்டா?

மாடி மண்ணுன்னா தாராளமா உண்டு. தரைன்னா களை குறையும், நாத்து அழுகல் குறையும், நூற்புழு அப்படியே தான் இருக்கும். நாற்றங்காலுக்கு ரெண்டு வாரத்துல மேல் மண்ணு ஓரளவு ஆகிடும், நடவு பாத்திக்கு அடுத்த வருஷம் முழுசா பண்ணுங்க, இந்த ஆடிக்கு அந்த இடத்துல செண்டுமல்லியோ எள்ளோ போட்டுக்கங்க.